முதல் மர லேத்: வாங்கும் முன் ஸ்பிண்டிலைப் பாருங்கள்

மரக் கடைசல் கற்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, “எத்தனை அடி லேத் வாங்கலாம்?” என்பதைத்தான். நீளத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கட்டில் காலும் மாடிப்படித் தூணும் கடையப் போகிறவருக்குத்தான் 3 அடி, 4 அடி பெட் (லேத்தின் நீளப் படுக்கை) வேண்டும். மத்து, பூரிக்கட்டை, பம்பரம், சொப்பு, உளிப்பிடி, கிண்ணம் எல்லாவற்றுக்கும், மரத்தை இரு முனையிலும் பிடிக்கும் இரண்டு சென்டருக்கு இடையே 18 இன்ச் போதும். கடையில் குனிந்து பார்க்க வேண்டிய இடம், மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக். அதில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் முனையில் இருக்கும் மரை என்ன அளவு, ஸ்பிண்டிலுக்குள் மோர்ஸ் டேப்பர் எனும் கூம்புத் துளை இருக்கிறதா, லேத்தின் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மரை ஏன் முக்கியம் என்றால், மரத்தைத் தாடைகளால் கவ்வும் சக், மரத்தைத் திருகிப் பொருத்தும் தட்டான ஃபேஸ்பிளேட் எல்லாம் அதில்தான் ஏறி உட்கார வேண்டும். மர லேத் சக்குகள் அதிகம் கிடைப்பது எம்33 (33 மில்லிமீட்டர் விட்டம்) மரை 3.5 பிட்ச்சிலும் (மரைக்கு மரை 3.5 மில்லிமீட்டர்), 1 இன்ச் மரை 8 டிபிஐ-யிலும் (இன்ச்சுக்கு 8 மரை). இந்த இரண்டில் ஒன்று இருந்தால் எந்தக் கம்பெனி சக்கும் வாங்கலாம். பெயர் தெரியாத மலிவு லேத்களில் வேறு ஏதாவது மரை இருக்கும். அதோடு வரும் ஃபேஸ்பிளேட்டைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறாது. லேத் வாங்கியபின் சக் வாங்கப் போகும்போதுதான் இது தெரியவரும்.

டேப்பர் விஷயமும் அப்படித்தான். ஹெட்ஸ்டாக், மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இரண்டிலும் எம்டி2 (மோர்ஸ் டேப்பர் 2-ம் அளவு) இருக்க வேண்டும். மரத்தில் பல் பதிந்து சுழற்றும் ஸ்பர் சென்டர், மரத்தோடு சேர்ந்து சுழலும் லைவ் சென்டர், துளை போடும் டிரில் சக் மூன்றும் எம்டி2-வில் எளிதாகக் கிடைக்கும். டேப்பர் இல்லாமல் போல்ட் முனையையே கூராக்கி டெயில்ஸ்டாக் என்று வைத்திருக்கும் லேத்தில் துளை போட முடியாது. அந்தக் கூர்முனை மரத்தோடு சேர்ந்து சுற்றாமல் உராய்ந்து மரத்தைக் கருக்கும், கருகக் கருகப் பிடி தளரும். இரண்டு பக்கமும் சென்டரைப் போட்டு டெயில்ஸ்டாக்கை நகர்த்தி முனையோடு முனையைத் தொடவைத்துப் பாருங்கள். மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஒரு மில்லிமீட்டர் விலகினால் பூரிக்கட்டையில் பெரிதாகத் தெரியாது, ஆனால் துளை போடும்போது துளை அகன்றுபோகும்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை இன்ச்சில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வர வேண்டும். 10 இன்ச் கிண்ணத்துக்கு 600 முதல் 900 ஆர்பிஎம். இது உருண்டையாகி நிதானமாகச் சுற்றும் மரத்துக்கான கணக்கு. கோணல்மாணலான பச்சைக் கட்டையை முதலில் ஏற்றும்போது 400, 500-ல் ஆரம்பிக்க வேண்டும். பல மலிவு லேத்களில் மிகக் குறைந்த வேகமே 750-க்கு மேல் இருக்கும். 10 இன்ச் கட்டை 1500-ல் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கிருந்து கழன்று வருவது முகத்துக்கு நேராக வரும். ஆகவே குறைந்த வேகம் 500-க்கு மேல் உள்ள லேத்தில், அது 12 இன்ச் சுற்றும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும், 6 இன்ச்சுக்கு மேல் கிண்ணம் கடையாதீர்கள்.

சென்னையில் ஒரு தொடக்கக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டு மாதிரியில் வரும் மேஜை லேத். கடைசல் பட்டறைகளுக்காக உள்ளூரில் செய்யும் மர லேத். தொழிற்பேட்டைகளில் கைமாறும் பழைய இரும்பு லேத். கடைசி வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பு லேத் கனமானது, ஆடாது, துல்லியமானது என்பதெல்லாம் உண்மை. ஆனால் டூலைத் தாங்கி நகரும் கேரியேஜ் குறுக்கே நிற்பதால் கையில் உளி பிடிக்க இடம் இருக்காது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து வழித்தடத்தில் களிம்பாகப் படியும். பழைய இயந்திரங்களில் அதிகபட்ச வேகமும் மரத்துக்குப் போதாது.

உள்ளூர் மர லேத் வேறு வகை. சேனல் இரும்பில் பெட், தடித்த ஸ்பிண்டில், கீழே தனி மோட்டார், பெல்ட். கட்டில் கால்களை நாள் முழுக்கக் கடைவதற்காகச் செய்தது என்பதால் உழைக்கும். குறை என்னவென்றால், ஸ்பிண்டில் மரை செய்தவர் இஷ்டப்படி இருக்கும், வேகம் ஒன்றோ இரண்டோதான். இரண்டையும் அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு நல்ல லேத் பட்டறை சரிசெய்து தரும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல முடிந்தால், ஸ்பிண்டில் முனையில் எம்33 மரை 3.5 பிட்ச், உள்ளே எம்டி2, மறுமுனை வரை ஊடுருவும் துளை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊடுதுளை இருந்தால்தான் பின்னாலிருந்து கம்பியை விட்டுத் தட்டி சென்டரைக் கழற்ற முடியும்.

ஏற்கெனவே செய்த லேத் என்றால் சக்கின் பின்னால் பொருந்தும் மரை வளையமான இன்சர்ட் ஒன்றைக் கடைய வேண்டிவரும். இன்சர்ட் மாற்றக்கூடிய சக்காகப் பார்த்து வாங்கி, மரை போடாத வெற்று இன்சர்ட்டில் உங்கள் ஸ்பிண்டிலுக்கு ஏற்ற உள் மரையை வெட்டுவது நல்ல வழி. ஸ்பிண்டிலைக் கழற்றி எடுத்துப்போக முடியாது. அதனால் லேத்தின் ஃபேஸ்பிளேட்டைக் கொண்டுபோய், அதற்குள் ஏறும் வெளி மரை பிளக் ஒன்றை முதலில் கடைந்துகொள்ளுங்கள். அதைக் கேஜாக வைத்து இன்சர்ட்டின் உள் மரையை வெட்டலாம். பட்டறைக்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இது: “அண்ணே, மரையும் முகமும் ஒரே பிடியில வரணும். நடுவுல ஜாபைக் கழட்டிடாதீங்க.” சக்கை நேராக நிறுத்துவது மரை இல்லை. மரையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். ஸ்பிண்டிலின் தோள்பட்டையில் போய் இறுக்கி உட்காரும் அந்தத் தட்டையான முகம்தான் சக்கை நேராக்குகிறது. ஜாபைக் கழற்றித் திருப்பிப் பிடித்து முகத்தை வெட்டினால், முகமும் மரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இராது. சக் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும். கைட்டேப் (கையால் திருகி உள் மரை வெட்டும் கருவி) போட்டு மரை இறக்குவதும் இதே காரணத்தால் கூடாது. எம்33-க்கு உள் மரை என்றால் 29.5 மில்லிமீட்டருக்குத் துளையைக் குடைந்துவிட்டு, ஒற்றை முனை டூலால் வெட்டச் சொல்லுங்கள்.

மோட்டாரும் மின்சாரமும்

10, 12 இன்ச் லேத்துக்கு 1 ஹெச்பி போதும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ (போல்) மோட்டார் சுமார் 1440 ஆர்பிஎம் ஓடும். அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் புல்லி அளவுகள் 60 ஹெர்ட்ஸில் ஓடும் 1725 மோட்டாருக்கானவை. அப்படியே எடுத்தால் எல்லா வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும். உள்ளூர் லேத்துக்குப் படிப்படியான கோன் புல்லி கடைகிறீர்கள் என்றால், மோட்டார் பக்கம் 2½, 4, 5, 6 இன்ச்; ஸ்பிண்டில் பக்கம் 7½, 6, 5, 4 இன்ச். ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 10 வருவதால் ஒரே பெல்ட் எல்லாப் படிக்கும் பொருந்தும். கிடைக்கும் வேகங்கள் 480, 960, 1440, 2160. கிண்ணம் முதல் பம்பரம் வரை இவை தாங்கும்.

வேகத்தைக் குமிழில் திருக ஆசையா? வீட்டு சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகத் தரும் விஎஃப்டி எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்து, த்ரீ பேஸ் மோட்டார் போடலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 230 வோல்ட் விஎஃப்டி தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ். கடையில் கிடைக்கும் சிறிய மோட்டார்கள் 415 வோல்ட்டுக்குக் காயில்களை ஸ்டார் முறையில் இணைத்தவை. அதை டெல்டா இணைப்பாக மாற்றினால்தான் முழு பலம் கிடைக்கும். டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு முனை இருக்க வேண்டும். மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே வைண்டிங்கில் இருக்கிறது. காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். இன்னொன்று: 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும், மே மாதத்தில் மோட்டார் சுட்டுவிடும். மெதுவேகத்தைப் புல்லியில் எடுங்கள், நுணுக்கத்தை விஎஃப்டியில் எடுங்கள்.

எந்த மோட்டாராக இருந்தாலும் வெறும் சுவிட்சில் ஓட்டாதீர்கள். கரண்ட் போகிறது, நீங்கள் சக்கைத் தளர்த்திக் கட்டையைத் திருப்பி வைக்கிறீர்கள், கரண்ட் வருகிறது, லேத் தானாகச் சுற்றுகிறது. நேரடி மோட்டார் என்றால் தண்ணீர் மோட்டாருக்குப் போடுவதுபோன்ற டிஓஎல் ஸ்டார்ட்டர் இதைத் தடுக்கும். மின்சாரம் நின்றால் அதன் கான்டாக்டர் விழுந்துவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள். விஎஃப்டி என்றால், கரண்ட் வந்ததும் தானாக ஓடாதபடி அதன் செட்டிங்கைப் பார்த்து வைக்க வேண்டும். பிளக் 16 ஆம்பியர், எர்த் கட்டாயம்.

சாணைதான் பாதி வேலை

பணத்தைப் பிரிக்கும்போது லேத்துக்குப் பாதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். சக், நாலு உளி, சாணை, முகக் கவசம் ஆகியவை மற்றப் பாதியைத் தின்றுவிடும். அதில் எதையாவது தள்ளிப்போட வேண்டும் என்றால் சக்கைத் தள்ளிப்போடுங்கள், சாணையைத் தள்ளிப்போடாதீர்கள். மொட்டை உளியால் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அது வெட்டாது, சுரண்டும். சுரண்டுகிற உளியை அழுத்தத் தோன்றும். அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

6 இன்ச் பெஞ்ச் கிரைண்டர் ஒன்று போதும். அதோடு வரும் சாம்பல் நிறக் கல் சாதாரண இரும்புக்கானது, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) உளியைத் தேய்த்தால் மழமழவென்று ஆகி வெப்பத்தை மட்டும் கிளப்பும். அதைக் கழற்றிவிட்டு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் (துகளின் அளவு), கே கிரேடு (கல்லின் இறுக்கம்) போடுங்கள். கல்லுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நம் ஊர்க் கம்பெனிதான், திருவொற்றியூரில் ஆலை இருக்கிறது. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெருப் பக்கம் கேட்டால் கிடைக்கும். கிரைண்டர் ஷாஃப்டின் விட்டம், கல்லின் அகலம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். வாங்கும்போது கல்லை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொட்டைச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோணங்கள்: கவுஜ் என்பது குழிவான உளி. சதுரக் கட்டையை உருண்டையாக்கும் ரஃபிங் கவுஜ் 45 டிகிரி, ஸ்பிண்டில் கவுஜ் 40, பவுல் கவுஜ் 55, ஸ்க்யூ எனப்படும் சாய்வு உளிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 40 டிகிரிக்குள். பழைய கார்பன் எஃகு உளியில் முனை நீலமானால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, நீலம் போகும்வரை தேய்த்தாக வேண்டும். ஹெச்எஸ்எஸ்ஸில் நீலம் ஏறினாலும் கவலையில்லை. ஆனால் சூடான ஹெச்எஸ்எஸ்ஸைத் தண்ணீரில் முக்காதீர்கள், முனையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். கோணம் சரியாக வருகிறதா என்று அறிய, உளியின் சரிவு முழுக்க மார்க்கரால் கறுப்புப் பூசி, கிரைண்டரை ஓட்டாமல் கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் மை போனால் கோணம் தடிக்கிறது. கீழே மட்டும் போனால் மெலிகிறது. முழுக்கப் போனால் ஓட்டலாம். கிரைண்டரின் பொறி கடைசல் சீவல்மேல் விழாத இடத்தில் சாணையை வையுங்கள். காய்ந்த சீவல் சீக்கிரம் பற்றிக்கொள்ளும்.

முதல் கட்டை

முதலில் 2 இன்ச் சதுரம், 10 இன்ச் நீளம். ரப்பர் மரம் கிடைத்தால் நல்லது. ஒரே சீரான நார், மென்மையும் இல்லை கடினமும் இல்லை. தொழிற்சாலைகள் கழிக்கும் பேலட் பைன் கட்டையும் பழக்கத்துக்கு ஆகும். அதில் ஹெச்டி என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தொடவேண்டாம். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடிவிட்டு ஏற்றுங்கள்.

இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறியுங்கள். ஸ்பர் சென்டரை லேத்தில் வைத்தபடி மரத்தை அடிக்காதீர்கள், பேரிங் கெடும். சென்டரைக் கையில் எடுத்து, மேஜைமேல் நிற்கவைத்த கட்டையில் மரச் சுத்தியலால் அடித்துப் பதியவைத்து, பிறகு ஏற்றுங்கள். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தபின் சுவிட்ச். 960, பிறகு உருண்டையானதும் 1440.

உளி முதலில் ரெஸ்ட்டைத் தொடும், மரத்தை அல்ல. பிடியைத் தாழ்த்தி, சாணை பிடித்த சரிவின் பின்பகுதி மரத்தில் வெறுமனே உரசும்படி வையுங்கள். வெட்டு இருக்காது, ஒரு மெல்லிய உரசல் சத்தம்தான். இப்போது பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால், ஒரு இடத்தில் சத்தம் மாறி, முனையிலிருந்து சீவல் எழும். அந்த இடத்தில் சரிவு மரத்தைத் தாங்கிக்கொண்டே வெட்டுகிறது. அங்கேயே நிறுத்தி, உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் நகருங்கள். கையை மட்டும் நகர்த்தினால் பிடி வட்டமடித்து கோணம் மாறிவிடும். கடைசலில் மற்றதெல்லாம் இந்த ஒரு அசைவின் வேற்றுமைகள்தான். ஆகவே இதைச் சலிக்கச் சலிக்கச் செய்யுங்கள்.

சாய்வு உளியில் எல்லோருக்கும் நேர்வது, வழவழவென்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ‘டக்’ என்று மாட்டி, உருளையில் திருகுபோல ஒரு பள்ளம் ஓடுவது. காரணம் மர்மமல்ல. அந்த உளியின் விளிம்பில் கீழ்ப் பாதி மட்டுமே சரிவின் ஆதரவோடு வெட்டுகிறது. மேல் மூலை, அதாவது நீண்ட கூர்முனை, மரத்துக்கு மேலே காற்றில் இருக்க வேண்டும். உளி கொஞ்சம் சாய்ந்து அந்த மூலை மரத்தைத் தொட்டால், அதற்குக் கீழே தாங்க ஒன்றுமில்லை. சுற்றும் மரம் அதைக் கீழே இழுக்கும். இழுக்க இழுக்க ஆழமாகப் பதியும். கவுஜ் மாட்டுவதும் இதே காரணத்தால்தான். வெட்டும் புள்ளி ஒரு பக்கம், ரெஸ்ட்டில் தாங்கும் புள்ளி வேறு பக்கம் என்றால் உளி உருண்டு இறக்கையால் (பக்க விளிம்பால்) கடிக்கும். வெட்டும் புள்ளிக்கு நேர் கீழே ரெஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

திசையும் நாரைப் பொறுத்தது. சென்டருக்கு இடையே நீளவாக்கில் நார் ஓடும் கட்டையில் தடித்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு இறங்கி வெட்டுங்கள். எதிர்த்து ஏறினால் நார் பிய்ந்து எழும். கிண்ணத்தில் நார் குறுக்கே கிடப்பதால் இது மாறுகிறது: வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்புக்கு, உள்பக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பிண்டில் ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது அகலமாகவும் பலமாகவும் தெரியும். ஆனால் பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லிய தகடு. கிண்ணத்தின் குறுக்கு நாரில் மாட்டினால் அந்த வால் முறிந்து, உளி பறக்கும். கிண்ணத்துக்கு உருண்டைக் கம்பியில் செய்த பவுல் கவுஜ்தான்.

முதலில் செய்ய உளிப்பிடியைவிட நல்ல பொருள் இல்லை. பிறகு பூரிக்கட்டை, மத்து, பம்பரம். பம்பரத்தில் ஆணிக்கான துளையை லேத்திலேயே, டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கை மாட்டிப் போட்டுவிடுங்கள். கையால் போட்ட துளை மையம் விலகும், பம்பரம் தலையாட்டும்.

கிண்ணமும் சென்னை மரமும்

கிண்ணத்துக்கு முதலில் ஃபேஸ்பிளேட்டில் திருகி வெளிப்பக்கத்தைக் கடைய வேண்டும். இங்கே கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ எல்லாக் கடையிலும் கிடைப்பதால் கை அதற்குத்தான் போகும். அது கடினமானது, வளையாது, பக்கவாட்டு அடியில் தலை தெறித்துவிடும். மரத்துக்கான தடித்த ஸ்க்ரூ, குறைந்தது ஆறு, ஒவ்வொன்றும் மரத்துக்குள் ஒரு இன்ச் இறங்கட்டும்.

அடியில் சக் பிடிக்க ஒரு தண்டு விடுவீர்கள். 50 மில்லிமீட்டர் ஜாவுக்கு (சக்கின் தாடைக்கு) 50-ஐ ஒட்டிய விட்டம், 6 மில்லிமீட்டர் உயரம். தண்டின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது. தண்டைச் சுற்றியுள்ள தட்டையான தோள் ஜாவின் முகத்தில் முழுக்க அமர வேண்டும். அடி தொட்டுவிட்டால் தோள் அமராது, எவ்வளவு இறுக்கினாலும் கிண்ணம் ஆடிக்கொண்டே இருக்கும்.

மரம் நம் ஊரில் தட்டுப்பாடில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது தெருத்தெருவாக மரம் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் கொஞ்சமாவது விழும். தெருவில் விழுந்தது மாநகராட்சிக்கு உரியது, வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டுத் தோட்டங்களில் கழிக்கும் மா, வேம்பு, பூவரசு, நாவல், பலா எல்லாம் நல்ல கடைசல் மரங்கள். என் தேர்வு பூவரசு: இறுக்கமான நார், சேகில் சாக்லேட் நிறம், உளிக்கு வளைந்துகொடுக்கும். வேம்பும் பச்சையாக இருக்கும்போது நீளநீளமான சீவலாக வரும். தூங்குமூஞ்சி மரத்தில் நார் பின்னிக்கொண்டு ஓடும், அதன் தூள் மூக்கைக் காந்தும். தேக்கில் மணல்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். சவுக்கைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள், காயும்போது வெடிக்கும். சந்தனம், செம்மரம் உரிய காகிதம் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பச்சை மரத்தை வெட்டியவுடன் இரண்டு முனையிலும் உருக்கிய பாரஃபின் மெழுகு, அல்லது மீந்த பெயின்ட், தடிமனாகப் பூசுங்கள். ஈரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை சுருங்கி நடு சுருங்காததால் வெடிப்பு. கத்திரி வெயிலில் மாலைக்குள்ளேயே கீறல் தெரிந்துவிடும். கட்டையை நடுக்குருத்து வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குருத்தை ஒட்டி இருபுறமும் ஒரு விரல் அகலம் கழித்துவிடுங்கள். குருத்து உள்ளே இருக்கும் கிண்ணம் வெடிக்காமல் தப்புவது அபூர்வம். பிளக்க வீட்டில் செயின்சா வேண்டாம். மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகும் வழியில் மர டிப்போக்கள் இருக்கின்றன, வாள்பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை.

பச்சைக் கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்து காயவைக்க வேண்டும். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒன்று. 10 இன்ச் கிண்ணத்துக்கு 1 இன்ச், அடியும் விளிம்பும் ஒரே கனம். அதை அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு, காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. ஏப்ரல், மே என்றால் இரண்டு பை, ஒன்றுக்குள் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதிர்ப் பிரச்சினை: ஈரச் சீவலே பூஞ்சை பிடித்து மரத்தைக் கறுப்பாக்கும், வாரம் ஒருமுறை சீவலை மாற்றுங்கள். ரப்பர், மா இரண்டிலும் நீலப் பூஞ்சை மிக வேகம், வெள்ளைப் பகுதி உளுத்தும் போகும். போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் உளு தங்காது.

சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டுக் கிண்ணத்தின் அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றால் காய்ந்துவிட்டது. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு மரம் 12 முதல் 14 சதவீத ஈரத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. ஏசி அறையில் இருக்கப்போகும் கிண்ணம் என்றால் கடைசிக் கடைசலுக்கு முன் அந்த அறையிலேயே இன்னும் சில வாரம் வைத்துவிடுங்கள்.

காய்ந்த கிண்ணம் முட்டை வடிவில் கோணியிருக்கும், தண்டும் கோணியிருக்கும். நேரே சக்கில் போட்டால் இரண்டு ஜாதான் பிடிக்கும். கிண்ணத்தின் வாயைச் சக்கில் மாட்டிய ஒரு மரக்கட்டையின்மேல் கவிழ்த்து, நடுவில் கொஞ்சம் ரப்பர் ஷீட் வைத்து, டெயில்ஸ்டாக்கால் அழுத்திப் பிடியுங்கள். அந்தப் பிடியில் தண்டைத் திரும்ப உருண்டையாக்கிய பிறகு சக்கில் மாட்டிச் சுவரை 6 மில்லிமீட்டர் வரை இறக்கலாம்.

தேய்க்கும்போது டூல் ரெஸ்ட்டை முழுக்கக் கழற்றிவிடுங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள். 120, 180, 240, 320 என்று போங்கள். உப்புத்தாளை விரலில் சுற்றாமல் நுனியில் பிடியுங்கள். லேத் முன் நிற்கும்போது தோளில் துண்டு, கழுத்தில் துப்பட்டா, கையில் கட்டிய கயிறு, வளையல், கையுறை எதுவும் வேண்டாம். லுங்கி, வேட்டியோடு நிற்காதீர்கள். கடைசலுக்கு முழு முகக் கவசம், தேய்ப்புக்கு என்95 முகமூடி. கடலோரப் பக்கம் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் தூளைத் துடைத்துவிட்டுப் பெட்டில் மெழுகு பூசுங்கள். ஈரத்தூள் ஓர் இரவு கிடந்தாலே துரு ஏறும், எண்ணெய் பூசினால் மரத்தில் கறை படும்.

சொப்புக்கும் பம்பரத்துக்கும் அரக்கு நம் பழைய வழி. அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டும், காய்ந்த தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். சூடான பாத்திரத்துக்கு அது ஆகாது, இளகும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, பிசுபிசுத்துச் சிக்குநாற்றம் அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூடு சுருட்டலுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். துணியை விரித்துக் கொடியில் தனியாகக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.